சிவப்பு வண்டியின் பிரேக்

கராஜில் ஃபோன் அடித்தால் தம்பி எடுப்பான். வண்டி முரண்டு பிடித்தால் அக்கா பார்ப்பாள். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. தம்பிக்குச் சிரித்த முகம், சலவைச் சட்டை, வாய் நிறையப் பேச்சு. அக்காவுக்கு நகக்கண்ணில் எந்த சோப்புக்கும் மசியாத கிரீஸ், இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு, மூக்கு நுனியில் கோபம். வருகிறவர்கள் தம்பியோடு பேசுவார்கள். வண்டி சரியாகிப் போகும்போதும் தம்பிக்குத்தான் கை கொடுப்பார்கள். இவள் கையில் எண்ணெய் இருக்கும், அதனால் யாரும் நீட்டுவதில்லை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை சுத்தமாகக் கழுவித் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். அப்போதும் யாரும் நீட்டவில்லை.

முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ‘ரேடியேட்டர்’ என்று பெயர். சட்டென்று கொதித்துவிடுவாளாம். அந்தப் பெயர் தனக்கு இருப்பது தெரியும். யார் வைத்தது என்பதும் தெரியும். அடுத்த தெரு டயர் கடைக்காரர். அவர் வண்டிக்கு ஒரு தடவை கிளட்ச் மாற்றிக் கொடுத்தபோது, “பாத்து ஓட்டுங்க, இந்த ரேடியேட்டர் கொதிச்சா மூடியத் தொறக்கறது கஷ்டம்” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அவர் அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

கோபத்துக்கு வேர் பழசு. பத்தொன்பது வயதில் அவளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. வீட்டில் யோசித்தார்கள். பெண் பிள்ளை மெஷின் படித்து என்ன செய்யப் போகிறது என்று விட்டுவிட்டு, ஐந்து வருஷம் கழித்துத் தம்பியை அனுப்பினார்கள். அவன் இரண்டே செமஸ்டரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். பெட்டியில் இருந்த புத்தகங்களை அவன் பிரித்ததே இல்லை. அட்டை கூட மடங்கியிருக்கவில்லை. அவற்றைப் பிரித்துப் படித்தவள் இவள்தான். பகலில் அப்பாவின் கராஜில் மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவிக்கொண்டே, எந்தப் பாகம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று மனசுக்குள் புரட்டுவாள். அப்பா போன பிறகு கராஜ் இருவர் பெயருக்கும் வந்தது. வெளியே பலகையில் மட்டும் தம்பி பெயர் இருந்தது.

கராஜுக்கு வரும் வண்டிகளில் இரண்டு, மற்றவை மாதிரி இல்லை. இரண்டுமே ஐம்பது அறுபது வருஷத்துப் பழசு.

ஒன்று வக்கீலின் சிவப்பு வண்டி. இரண்டே பேர் உட்காரலாம், மேல் துணிக்கூரையை மடக்கி விடலாம். கம்பிச் சக்கரங்கள், இரட்டைக் கார்புரேட்டர், முன்பக்கம் டிஸ்க் பிரேக். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. வக்கீலுக்கு அதன் மேல் அப்படி ஒரு ஆசை. குரோமியம் பூச்சில் ஒரு புள்ளி கறுத்தாலும் உடனே கழற்றிப் பூசக் கொடுத்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாத எதற்கும் அவருக்குப் பொறுமை கிடையாது.

இன்னொன்று டீச்சரின் சாம்பல் வண்டி. ரிட்டயர் ஆன புவியியல் டீச்சர். கணவர் விட்டுப்போன அந்த நாலு கதவுச் சின்ன வண்டியைக் காட்சிப் பொருளாக வைக்காமல், காய்கறிக்கும் ஆஸ்பத்திரிக்கும் லைப்ரரிக்கும் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். ஏற்றத்தில் பின்னால் வரும் சைக்கிள்காரன் மணி அடிப்பான். ஆனால் டீச்சர் ஒவ்வொரு ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் நாள் தவறாமல் வந்து நிற்பார். “கிரீஸ் போடற நாளு, மறந்துட்டேன்னு நினைச்சியா?” என்று கேட்டுவிட்டு, ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார்.

ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் சங்கம் ஒன்று இருந்தது. அதன் செயலாளருக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு வண்டியும் ஒரே கராஜில் பராமரிக்கப்படுகின்றன. இரண்டையும் ஓட்டிப் பார்த்து, எது எப்படி ஓடுகிறது, எதை வைத்துக் காப்பாற்றுவது சுலபம் என்று சங்கத்தின் பத்திரிகையில் ஒப்பிட்டு எழுதினால் என்ன? கராஜுக்கு ஃபோன் செய்தார். எடுத்தது தம்பி.

சோதனை நடந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் கணவர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவர். முப்பது வருஷம் பொடி எழுத்தைப் பார்த்த கண்ணில் புரை விழுந்துவிட்டது. அன்றைக்குத்தான் ஆபரேஷன். தம்பி அவளிடம் எதையும் சொல்லாமல் இரண்டு வண்டிகளையும் புறவழிச்சாலைக்கு ஓட்டிப் போனான். செயலாளர் ஸ்டாப் வாட்ச், டேப் எல்லாம் கொண்டு வந்திருந்தார்.

அடுத்த மாதம் பத்திரிகை வந்தது. கணவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் சந்தோஷமாக விரித்தார். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிற மகிழ்ச்சி அவருக்கு.

“உன் கராஜ் பத்தித்தான் எழுதியிருக்கு. உக்காரு, படிக்கறேன்.”

முதல் பக்கத்தில் தம்பியின் படம். சிவப்பு வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்து, கையில் அக்காவின் ஃபீலர் கேஜைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கொத்து அது. அதை விசிறி மாதிரி விரித்து, தலைகீழாகப் பிடித்திருந்தான்.

கணவர் படித்தார். நிறுத்திய இடத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் வேகம் தொட, சிவப்புக்கு ஒன்பது விநாடி, சாம்பலுக்கு இருபது. அறுபதில் வரும்போது பிரேக் அடித்தால் சிவப்பு பதினேழு மீட்டரில் நின்றது, சாம்பல் இருபத்து மூன்று எடுத்துக்கொண்டது. அதுவரை அக்கா மோர் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். பிறகு பராமரிப்புப் பகுதி வந்தது. சிவப்பு வண்டிக்கு ‘பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை’ என்று நிபுணர் சொன்னாராம். அதன் பிரேக்குகள் ‘புது வண்டிக்கு நிகரானவை’யாம். சாம்பல் வண்டியில் வால்வு இடைவெளியை இரண்டு தௌ, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, வைக்க வேண்டுமாம்.

டம்ளர் மேஜையில் ‘ணங்’கென்று இறங்கியது.

“பன்னெண்டு! அது பன்னெண்டு தௌ! ரெண்டு வச்சா இன்ஜின் சூடானதும் வால்வு மூடவே மூடாது, எரிஞ்சு போயிடும். இதப் படிச்சுட்டு நாளைக்கு எவனாவது ரெண்டு வைப்பான், வால்வு கருகினதும் வண்டியக் குத்தம் சொல்லுவான். யாரு இந்த நிபுணர்?”

கணவர் நிதானமாகத் தாளைப் புரட்டிப் பார்த்தார். “ஒரு எழுத்துப் பிழை கூட இல்லயே,” என்றார், தொழில் புத்தியில்.

“முழுசும் பிழைதான்!” என்று கத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கராஜுக்கு நடந்தாள்.

வால்வு விஷயத்தைக் கூட அவளால் விழுங்கிக்கொள்ள முடிந்திருக்கும். அவளை எரித்தது பிரேக். சிவப்பு வண்டியின் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்ததும் எண்ணெயை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் சின்ன உருளை, இரண்டு வருஷமாகவே சரியில்லை. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. ஒரு தடவை ஓங்கி மிதித்தால் நன்றாகப் பிடிக்கும். சமதரையில் டேப் வைத்து அளந்தால் பதினேழு மீட்டர்தான் வரும். ஆனால் பெடலை மிதித்தபடியே வைத்திருந்தால் எண்ணெய் மெல்லப் பின்பக்கம் கசியும்; பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தரையைத் தொட்டுவிடும். நீண்ட இறக்கத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

இதை அவள் வக்கீலிடம் ஒரு தடவை நேரிலேயே சொல்லியிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே, “தம்பிகிட்ட சொல்லிடுங்கம்மா, அவர் பாத்துப்பார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து ஒவ்வொரு சர்வீஸின்போதும், வண்டியோடு சொந்தக்காரருக்குத் தம்பி கொடுத்தனுப்பும் ஜாப் கார்டில் சிவப்பு மையில் எழுதி வைத்தாள்: மாஸ்டர் சிலிண்டர் உடனே மாற்ற வேண்டும்.

கராஜில் தம்பி பத்திரிகையின் பத்துப் பிரதிகளை மேஜையில் அடுக்கிவைத்துக்கொண்டிருந்தான்.

“பிரேக் புது வண்டிக்கு நிகர்னு நீயா சொன்ன?”

“அக்கா, அது சும்மா ஒரு பேச்சுக்கு...”

“வக்கீல்கிட்ட சிலிண்டர் விஷயத்தச் சொன்னியா இல்லயா?”

“சொல்லிட்டேன்க்கா. அவருதான் கேக்க மாட்டேங்கறாரு. வெளியூர்லருந்து பார்ட் வரணும், அதுவரைக்கும் வண்டி நிக்கணும்னா அவருக்குப் பிடிக்கல. நான் என்ன பண்ணட்டும்?”

அவள் அதை நம்பினாள். வக்கீலின் குணம் அப்படித்தான் என்பதால் நம்புவது சுலபமாக இருந்தது. பத்திரிகையில் திருத்தம் போடச் சொல்லிச் செயலாளருக்கு ஃபோன் போட்டாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். “அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்மா. இப்ப ஞாயித்துக்கிழம மீட்டிங் வேலயில மூச்சு முட்டுது. அந்த ரெண்டு வண்டியும்தான் இந்தத் தடவ விசேஷம். மலை மேலருந்து ஜோடியா எறங்கப் போகுது, நீங்களும் வாங்களேன்!”

மலைப்பாதை பதினோரு கிலோமீட்டர். பத்தொன்பது வளைவு.

ஞாயிறு காலையில் டீச்சரின் சாம்பல் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். டீச்சர் இரண்டாவது கியரில் ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அது எந்தப் பாறை, மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா காதில் எதுவும் விழவில்லை. பாதி வழியில் அவர்களை ஒரு லாரி தாண்டிப் போனது. அதன் முதுகில் கயிறு போட்டுக் கட்டிய சிவப்பு வண்டி.

“பாத்தியா, ஏறும்போது லாரி முதுகுல, எறங்கும்போது மட்டும் சொந்தக் கால்ல,” என்று டீச்சர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

மலை உச்சியில் வண்டிகள் நிறுத்தும் பெரிய மைதானம். முப்பது பழைய கார்கள் வரிசையாக நின்றன. மக்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சிவப்பா சாம்பலா என்று எல்லோரையும் கை தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வக்கீல் தோல் கையுறை, தொப்பி சகிதம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தார். பக்கத்து சீட்டில் அவர் மனைவி, தலையில் துணி கட்டிக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு. தம்பி அவர்கள் பக்கத்தில் நின்று கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் அவன் முகத்தில் ரத்தம் வற்றியது.

அவள் நேரே வக்கீலிடம் போனாள்.

“சார், இந்த வண்டிய இறக்கத்துல ஓட்டாதீங்க. பிரேக் தாங்காது.”

வக்கீல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “போன மாசம்தாம்மா அளந்தாங்க. பதினேழு மீட்டர். பத்திரிக படிச்சீங்களா?”

“படிச்சேன். அதனாலதான் வந்தேன்.”

“உங்க தம்பியே சர்டிஃபிகேட் குடுத்திருக்காரு. வீட்டு விஷயத்த வீட்ல பேசிக்கங்கம்மா, சரியா?” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அந்தக் கண் சிமிட்டல்தான். அது இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை கெஞ்சியிருப்பாளோ என்னவோ. சுற்றிக்கொண்டு வண்டியின் முன்னால் போனாள், பானெட்டைத் தூக்கினாள், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டு கிளிப்பையும் தட்டி மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்த ரோட்டாரை, கட்டை விரல் அளவுதான் இருக்கும், உருவிக் கைக்குள் மூடிக்கொண்டாள். மொத்தம் பத்து விநாடி. அது இல்லாமல் அந்த வண்டி எத்தனை தடவை சாவியைத் திருப்பினாலும் இருமிக்கொண்டுதான் கிடக்கும்.

“ஏய்! என்ன பண்றீங்க?” வக்கீல் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். “அடுத்தவங்க வண்டியில கை வைக்கறது என்ன குத்தம் தெரியுமா? கோர்ட்டுக்கு இழுத்துருவேன்!”

“இழுங்க. உயிரோட இருந்தீங்கன்னா இழுங்க.”

கூட்டம் கூடிவிட்டது. மைக்கில் பேசிக்கொண்டிருந்த செயலாளர் மைக்கை அணைக்காமலேயே ஓடி வந்தார். அவர் மூச்சிரைப்பு மைதானம் முழுக்கக் கேட்டது. தம்பி அவள் முழங்கையைப் பிடித்தான்.

“அக்கா, மானத்த வாங்காத. எல்லாரும் பாக்கறாங்க. குடுத்துடு, ப்ளீஸ்.”

“கைய எடுடா.” அவன் எடுத்தான். அவள் வக்கீலைப் பார்த்து விரலை நீட்டினாள். “கோர்ட்டெல்லாம் அப்புறம். இப்ப ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. உக்காந்து பிரேக்க மிதிங்க. நான் அறுவது எண்ற வரைக்கும் கால எடுக்காதீங்க. பெடல் நின்ன எடத்துல நின்னா, ரோட்டாரப் போட்டுக் குடுத்து எல்லார் முன்னாலயும் கால்ல விழறேன்.”

“என் வண்டிய நான் எதுக்கு உங்களுக்கு நிரூபிக்கணும்?”

“நான் மிதிக்கறேன்,” என்றது ஒரு குரல்.

வக்கீலின் மனைவி. தண்ணீர் பாட்டிலை சீட்டில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் இறங்கி, முன்னால் சுற்றி வந்து ஸ்டீயரிங் பின்னால் உட்கார்ந்தார். “எண்ணுங்க,” என்றார் அக்காவைப் பார்த்து. வக்கீல் ஏதோ சொல்ல வாய் திறந்தார். மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா எண்ணினாள். பத்து வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரோ ‘ஹும்’ என்று சிரித்தார்கள். இருபதில் வக்கீலின் மனைவி புருவத்தைச் சுருக்கினார். முப்பதில் காலைப் பார்த்துக் குனிந்தார்.

“கீழ போகுது,” என்றார் மெதுவாக. “நான் ஒரே மாதிரிதான் அமுக்கறேன். அது பாட்டுக்குக் கீழ போகுது.”

முப்பத்தெட்டில் பெடல் தரையைத் தொட்டது. செயலாளரின் கையில் இருந்த மைக் அந்தச் சின்ன ‘டொக்’கையும் ஊருக்கே சொன்னது.

வக்கீலின் மனைவி காலை எடுத்தார். இறங்கினார். “எத்தன நாளா இது?” என்று கேட்டார்.

“ரெண்டு வருஷம்,” என்றாள் அக்கா.

வக்கீல் தம்பியின் பக்கம் திரும்பினார். “ஒரு வார்த்த சொல்லக் கூடாதாய்யா?”

“ஏழு ஜாப் கார்டுல எழுதியிருக்கேன்,” என்று பாய்ந்தாள் அக்கா. “சிவப்பு மையில! படிக்கத் தெரியாதா உங்களுக்கு?”

“எந்தக் கார்டு? எனக்கு வந்த ஒவ்வொரு கார்டுலயும் பிரேக் சரியாயிருக்குன்னுதான் போட்டிருக்கு. ஃபைல் பண்ணி வச்சிருக்கேன். வேணும்னா காட்டறேன்.”

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் துடைக்கிற துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் எழுதிய கார்டுகள் கராஜைத் தாண்டியதே இல்லை. பளிச்சென்ற வேறு கார்டில் அழகான கையெழுத்தில் இவன் திரும்ப எழுதிக் கொடுத்திருக்கிறான்.

உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. தம்பியிடம் கத்தாமல் திரும்பினாள். வக்கீலிடம் ஒன்றை மட்டும் சொன்னாள்: “கார்டு வரல, சரி. நேர்ல சொன்னேனே, அப்ப என் மூஞ்சியப் பாத்து சிரிச்சீங்களே, அத எந்த ஃபைல்ல வச்சிருக்கீங்க?” ரோட்டாரை அவர் மனைவியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு, டீச்சரின் வண்டியில் போய் ஏறிக்கொண்டாள்.

சாம்பல் வண்டி தனியாகத்தான் இறங்கியது. டீச்சர் இரண்டாவது கியரில் விட்டு, வளைவுக்கு முன் மட்டும் லேசாக மிதித்து, பத்தொன்பது வளைவையும் பாடம் நடத்துகிற நிதானத்தோடு இறங்கினார். பாறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டி, “அழணும்னா அழுதுடு, நான் வெளிய நிக்கறேன்” என்றார்.

“அழுகையெல்லாம் இல்ல டீச்சர். அவன அறையணும் போல இருக்கு.”

“அதுவும் சரிதான்,” என்றார் டீச்சர்.

அறையவில்லை. திங்கட்கிழமை காலையில் கராஜில் பீரோவைத் திறந்து அந்த ஏழு கார்டுகளையும் எடுத்தாள். பழைய ரசீதுகளுக்கு அடியில், மடிப்புக் கலையாமல் இருந்தன. தம்பியின் மேஜையில் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

“ஏண்டா?”

“அவருக்குக் கெட்ட செய்தி பிடிக்காதுக்கா. கோச்சுக்கிட்டு வேற கராஜுக்குப் போயிடுவாரோன்னு... நம்ம பேரு அவராலதானே நாலு எடத்துல தெரியுது. ஊருக்குள்ள கொஞ்ச தூரம்தானே ஓட்டறாரு, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்.”

“அவர் கோவத்துக்குப் பயந்த. அந்தம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்களே, அவங்களுக்கு என்ன பதில் வச்சிருந்த? எங்கிட்டயும் வாய் கூசாம ‘சொல்லிட்டேன்’னியே. நான் எழுதினது உனக்கு என்ன, கிறுக்கலா?” அவள் குரலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். “முப்பது வருஷமா உன் புத்தகத்தப் படிச்சு, உனக்கு வர்ற பாராட்டுக்கு நான் வேல செஞ்சு குடுத்திருக்கேன். அது போகட்டும். பொய்யில என் வேலய ஒளிச்சு வச்ச பாரு, அத நான் மறக்க மாட்டேன்.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். நாற்பத்தாறு வயது ஆள். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தும் அவளுக்கு மனசு இளகவில்லை. இளகக் கூடாது என்று பிடிவாதமாகவும் இருந்தாள். அன்றைக்கே பலகை எழுதுகிறவரைக் கூப்பிட்டுப் பெயர்ப் பலகையைக் கழற்றச் சொன்னாள். புதுப் பலகையில் யார் பெயரும் இல்லை, ‘கார் பழுது பார்க்குமிடம்’ என்று மட்டும் இருந்தது. ஃபோனைத் தன் மேஜைக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு மாதத்துக்கு மேல் அக்காவும் தம்பியும் ‘அந்தப் பதினாலு நம்பர் ஸ்பானர எடு’, ‘இந்தா’ என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

சங்கத்தின் அடுத்த இதழ் வந்தது. கடைசிப் பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே எறும்பு ஊர்கிற எழுத்தில் திருத்தம்: வால்வு இடைவெளி பன்னிரண்டு தௌ. திருத்தித் தந்தவர் என்று தம்பியின் பெயரையே போட்டிருந்தார்கள். கணவர் தயங்கித் தயங்கித்தான் காட்டினார். அவள் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு செயலாளரின் வீட்டுக்கே போனாள். அவர் என்ன சமாதானம் சொன்னார் என்பது தெரியாது. திரும்பி வரும்போது அடுத்த இதழில் மூன்று பக்கத்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

எழுத அவளுக்கு ஒன்பது நாள் பிடித்தது. கணவர் ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தினார். வேறு எதையும் தொட விடவில்லை. அதில் அவள் சிவப்பு வண்டியைக் குறை சொல்லவில்லை என்பதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். இன்ஜின் அருமையானது, முடுக்கினால் முதுகு சீட்டில் ஒட்டும், வளைவில் பசை மாதிரி ரோட்டைப் பிடிக்கும் என்று எழுதியிருந்தாள். ஆனால் இரண்டு கார்புரேட்டரையும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகச் செய்ய வேண்டும், சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும், லிட்டருக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. சாம்பல் வண்டி மெதுவானது, சலிப்பூட்டுவது, மழையில் வைப்பர் ஏனோதானோ என்று ஆடும். ஆனால் பதினாலு கிலோமீட்டர் கொடுக்கும். பன்னிரண்டு இடத்தில் கிரீஸ் போட்டால் போதும், பேசாமல் உழைக்கும். கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: ‘எந்த வண்டி உசத்தி என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னதைக் கேட்கிறவர் வைத்திருக்கும் வண்டி உசத்தி. பதினேழு மீட்டரில் நின்ற வண்டிதான் பத்தொன்பது வளைவில் இரண்டு பேரைக் கொன்றிருக்கும்.’ ‘கொன்றிருக்கும்’ என்பதை எடுத்துவிடலாமா என்று செயலாளர் ஃபோனில் கேட்டார். முடியாது என்றாள். அப்படியே அச்சானது.

அது வெளிவந்த மூன்றாவது வாரம் சிவப்பு வண்டி லாரியில் வந்து கராஜ் வாசலில் இறங்கியது. கூடவே வக்கீல், தொப்பி இல்லாமல். இதற்குள் அவர் வேறு இரண்டு இடங்களில் விசாரித்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. மனைவி அந்த வண்டியில் இனி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அக்கா சொன்னால் மட்டும் ஏறுவேன் என்றும் சொன்னாராம்.

தம்பி எழுந்திருக்கவில்லை. வக்கீல் நேரே அக்காவின் மேஜைக்கு வந்து, “பார்ட் வரவழச்சிருக்கேன்மா” என்று ஒரு பெட்டியை நீட்டினார்.

அவள் பழைய சிலிண்டரைக் கழற்றி அவர் முன்னாலேயே பிரித்தாள். ரப்பர் வளையத்தின் உதடு ஒரு பக்கம் பிய்ந்து, கறுப்புக் கூழாக விரலில் ஒட்டியது. உருளையின் உள்சுவர் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. வக்கீல் குனிந்து அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார்.

“மன்னிச்சிடுங்கம்மா.”

“எங்கிட்ட எதுக்கு? வீட்ல சொல்லுங்க,” என்றாள். குரலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவர் தலையாட்டிவிட்டு வாசலில் போட்டிருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். முன்பெல்லாம் உள்ளே நாற்காலி போடுவார்கள்.

புதுச் சிலிண்டர் போட்டால் குழாய்களில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும்: ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்துக்கு அடியில் படுத்து, எண்ணெயும் காற்றும் வெளியேறும் சின்னக் குமிழைத் திறந்து மூட. இத்தனை வருஷத்தில் தம்பி அந்த வேலைக்கு ஒரு தடவை கூட வந்ததில்லை, சட்டை அழுக்காகிவிடும். அன்றைக்கு யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்து, சிவப்பு வண்டியின் ஸ்டீயரிங் பின்னால் உட்கார்ந்தான்.

அக்கா அடியில் படுத்துக்கொண்டு ஸ்பானரைக் குமிழில் மாட்டினாள். திறந்திருந்த கதவு வழியாக அவன் கால் பெடலின் மேல் இருப்பது தெரிந்தது. பாலிஷ் போட்ட ஷூ.

“மிதி,” என்றாள்.

மிதித்தான். அவள் குமிழைத் திறந்தாள். எண்ணெயோடு காற்றுக் குமிழிகள் கண்ணாடிப் பாட்டிலுக்குள் குபுகுபுவென்று வந்தன. அதற்குள் பெடல் மேலே ஏறியது. வெளியேறிய காற்று மறுபடி உள்ளே போனது.

“நான் சொல்றதுக்குள்ள கால ஏண்டா எடுத்த? மூடிட்டேன்னு சொன்ன பெறகுதான் எடுக்கணும். மறுபடியும் மிதி. ம்... பிடி. பிடின்னா பிடிடா!”

“பிடிச்சிருக்கேன்க்கா,” என்றான் தம்பி.